நிலாவெளிப் பக்கம் மாட்டுப்பட்டியும் ஹோட்டலும்: மேய்ச்சல் தரைக்கு யார் பேசுவது?

ஆறாம்கட்டை

மே மாதம் பிறந்தால் எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் ஒரே முறைப்பாடு, கட்டாக்காலி மாடு. தெற்கில் கடல் கொந்தளிக்கும் காலத்தில் இங்கே கடல் அடங்கிக் கிடக்கும். அதனால் மே தொடக்கம் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளி எல்லாம் வெளிநாட்டு ஆட்களால் நிரம்பிவிடும். அதே மாதங்களில்தான் மாடும் கரைக்கு வருகிறது. பெரும்போக (மாரிமழை நெல்) அறுவடை முடிந்து, வயலில் கிடந்த தாளையும் மேய்ந்து தீர்த்து, சின்னக் குளங்கள் வற்றத் தொடங்கியதும் பட்டி பச்சை தேடி அலைகிறது. பொழுதுபட்டால் கடற்காற்றுக்கு ஈயும் நுளம்பும் குறைவு என்று மணலில் வந்து படுத்துக்கொள்ளும்.

பிரதேச சபை மாட்டைப் பிடித்துக் கட்டித் தண்டம் அறவிட வேண்டும் என்று விடுதிக்காரர் பலர் கேட்கிறார்கள். சட்டம் புதிதில்லை, வெள்ளைக்காரன் காலத்து 1876ஆம் ஆண்டு மாட்டு அத்துமீறல் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. என் கேள்வி வேறு. தண்டம் கட்டி அவிழ்த்துவிட்ட மாடு அடுத்த நாள் எங்கே போய் மேயும்? சாம்பல்தீவிலிருந்து இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி வரை முன்பு மாடு நின்ற வெளிகளில் இன்றைக்கு றிசோர்ட் மதில் நிற்கிறது, அல்லது வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கிறது. மிச்சம் யாரோ தூரத்தில் இருப்பவர் வாங்கி முட்கம்பி அடித்துவிட்டுப் போன காணி.

மாட்டையும் கைவிடாமல் சுற்றுலாவையும் கைவிடாமல் சமாளிக்கிற ஊர் எங்காவது உண்டா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். மாடு கடவுள் என்றோ, மாடு தொல்லை என்றோ மட்டும் எழுத வருபவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போங்கள்.

உப்புவெளி அக்கா

தம்பி, நான் சின்ன விடுதி ஒன்று நடத்துகிறேன். மாட்டின் மேல் எனக்குப் பகை இல்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கடற்கரையில் மாடு படுத்திருப்பதைப் படம் எடுத்துச் சந்தோஷப்படுகிறார்கள், அதுவும் எனக்குத் தெரியும். என் பயம் இரவு வீதி. தெருவிளக்கு இல்லாத துண்டில் கறுப்பு மாடு படுத்திருந்தால் மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்குக் கிட்ட வரும்வரை தெரியாது. போன வருடம் என்னிடம் வேலை செய்த பொடியன் அப்படித்தான் விழுந்தான். தோள் எலும்பு முறிந்து ஒரு சீசன் முழுக்க உழைப்பில்லை. மாட்டுக்குச் சொந்தக்காரன் யார் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதே மாட்டை வாகனம் அடித்துக் கொன்றிருந்தால் அரை மணித்தியாலத்தில் சொந்தக்காரன் வந்து நின்றிருப்பான்.

பட்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் மேய்க்கிறார்களா? பலர் காலையில் பால் கறந்துவிட்டுக் கதவைத் திறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். அதைப் பற்றியும் பேசுங்கள்.

கிண்ணியாப் பட்டிக்காரன்

அக்கா சொல்வது நியாயம். திறந்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஏன் திறந்துவிடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

எங்கள் வாப்பா காலத்தில் மாட்டுக்கு இரண்டு ஊர் இருந்தது. வயல் வேலை தொடங்கும்போது, ஐப்பசி மழைக்கு முன்னம், பட்டியைக் காட்டுப் பக்கம் சாய்த்துவிடுவார்கள். அங்கே வாடி போட்டு ஆள் தங்கும். மாசி பங்குனியில் வெட்டு முடிந்ததும் திரும்ப வயலுக்கு இறக்குவார்கள். மாடு போட்ட எரு வயலுக்கு, வயல் தாள் மாட்டுக்கு. எருமைக்கு மகாவலி பாய்கிற பக்கத்துச் சதுப்பும் வில்லும் (ஆற்று வெள்ளம் தேங்குகிற தாழ்நிலம்) இருந்தது. போர்க்காலத்தில் காட்டுக்குப் போக முடியவில்லை, பட்டி பட்டியாக மாடு தொலைந்தது. போர் முடிந்தபின் போனால் ஒரு பக்கம் எல்லைக்கல், ஒரு பக்கம் யானை, இன்னொரு பக்கம் மாட்டுக்கள்ளன். வாடியில் தங்க இளம் பொடியன் வரமாட்டான். நாட்டுப் பசு ஒன்று நாளைக்கு ஒன்று, இரண்டு லீற்றர் பால்தான் தரும், அந்தக் காசில் மேய்ப்பனுக்கு எவ்வளவு கொடுப்பது? அவன் கட்டிட வேலைக்குப் போகிறான், மாடு வீதிக்கு வருகிறது.

மேய்ச்சல் தரை என்று ஒரு துண்டைக் காட்டி இது உங்களுடையது, இத்தனை மாடு, இந்த மாதம் தொடக்கம் இந்த மாதம் வரை என்று எழுதித் தந்தால் நாங்களே எங்கள் ஆட்களைக் கட்டுப்படுத்துவோம். எழுத்து ஒன்றும் இல்லாமல் எங்களை மட்டும் ஒழுங்காக இரு என்றால் எப்படி?

பனிமலைத் திருமலையான்

திருமலையில் பிறந்து இப்போது சுவிஸில் கிரிண்டெல்வால்ட் என்ற ஊரில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன். ஆறாம்கட்டை கேட்ட கேள்விக்கு இந்த ஊரை விட்டால் வேறு உதாரணம் எனக்குத் தெரியாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது ஒரு பள்ளத்தாக்கு, ஊர் ஆயிரம் மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. தலைக்கு மேலே 3,967 மீற்றர் ஐகர் மலை. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் நாலாயிரம் பேருக்குள்தான், வந்து போகிறவர்கள் கணக்கில்லை. 1912இல் யுங்ஃபிராவ் மலைக் கழுத்துக்கு ரயில் போட்டார்கள், 2020 டிசம்பரில் ஐகர் பனியாற்றுப் பக்கம் புதிய கேபிள் கார் திறந்தார்கள். இவ்வளவுக்கு நடுவிலும் கோடையில் என் அறை ஜன்னலைத் திறந்தால் மாட்டு மணிதான் கேட்கிறது.

எப்படி என்றால், மலையில் உள்ள புல் யாருடையது என்று இவர்கள் சுற்றுலா வருவதற்குப் பல நூறு ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் ஏழு மலைக் கூட்டுரிமைச் சங்கங்கள் உண்டு. அவற்றின் ஒழுங்குகள் 1404ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றிலிருந்து வருகின்றன. ஒவ்வொரு சங்கத்துக்கும் மலையில் எல்லை உண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எத்தனை மாட்டுக்கு உரிமை என்று கணக்கு உண்டு. வலே மாநிலத்தில் டோர்பெல் என்ற ஊரின் 1517ஆம் ஆண்டு விதி இன்னும் தெளிவு: குளிர்காலத்தில் உன் தொழுவத்தில் வைத்துத் தீனி போடக்கூடிய மாடு எத்தனையோ அத்தனையைத்தான் கோடையில் பொது மலைக்கு ஏற்றலாம். காசுள்ளவன் கோடைக்கு நூறு மாடு வாங்கி விட்டுப் பொதுப்புல்லைத் தின்னக் கொடுக்க முடியாது. பொதுச் சொத்தைப் பற்றி ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய எலினோர் ஒஸ்ட்ரொம் இந்த டோர்பெல் ஊரைத்தான் தன் ஆய்வில் உதாரணம் காட்டினார்.

அடுத்தது, பருவம். கோடையில் மாடு மலைமேல், ஊரடிப் புல்லை வெட்டிக் காயவைத்துக் குளிர்காலத் தீனிக்குச் சேர்க்கிறார்கள். மார்கழி பிறந்தால் மாடு தொழுவத்துக்குள், அதே சரிவில் பனிச்சறுக்கு. மாட்டுக்காரரே பலர் குளிர்காலத்தில் கேபிள் காரிலும் சறுக்குப் பாதையிலும் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். நிலம் ஒன்று, ஆளும் ஒன்று, மாதம்தான் வேறு. எங்கள் ஊரில் இந்த வசதி இல்லை. சுற்றுலாவும் தீனிப் பஞ்சமும் ஒரே மாதத்தில் வருகின்றன. அதனால் திருமலைக்கு இந்த ஒழுங்கு இவர்களைவிடக் கூடுதலாகத் தேவை என்று நினைக்கிறேன்.

நடைபாதை மேய்ச்சல் தரைக்கு நடுவே போகிறது. வேலி வருகிற இடத்தில் ஒரு சின்னப் படலை, ஸ்பிரிங் போட்டது. தள்ளிவிட்டு நடந்தால் தானே சாத்திக்கொள்ளும். சாத்தச் சொல்லி யாரையும் கெஞ்சத் தேவையில்லை. பக்கத்தில் பலகை: கன்றோடு நிற்கிற பசுவுக்குக் கிட்டப் போகாதே, நாயைக் கயிற்றில் பிடி, பசு பாய்ந்து வந்தால் நாயை விட்டுவிடு. வெட்டும் புல்லுக்குள் குளிர்பான டின் எறியாதே என்று இன்னொரு பலகை. புல் வெட்டும் இயந்திரத்தில் டின் சிக்கினால் துண்டு துண்டாகித் தீனியோடு மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும்.

உப்புவெளி அக்கா

வாசிக்க ஆசையாகத்தான் இருக்கிறது தம்பி. அங்கே அரசாங்கம் காசு கொடுக்கிறதல்லவா? இங்கே அரசாங்கத்திடம் எதை எதிர்பார்ப்பது?

பனிமலைத் திருமலையான்

உண்மை அக்கா, கொடுக்கிறது. மலைக்கு ஏற்றிய மாட்டுக்கு, நூறு நாள் மேய்ச்சலை அளவாக வைத்துக் கொடுப்பனவு உண்டு. விதித்த அளவுக்கு மேலே மாடு ஏற்றினால் வெட்டிவிடுவார்கள். அந்தக் காசு இல்லாவிட்டால் பாதித் தொழுவம் பூட்டிக் கிடக்கும். ஆனால் 1404இலும் 1517இலும் இந்தக் காசு இல்லை. எல்லையும் எண்ணிக்கையும் மாதமும் முதலில் வந்தன, காசு பிறகு வந்தது.

இங்கேயும் எல்லாம் சுகம் இல்லை. வெளியூர்ப் பணக்காரர் விடுமுறை வீடு வாங்கி வாங்கி, வருடத்தில் பாதி நாள் ஜன்னல் மூடிய வீடுகள் பெருகிவிட்டன. 2012இல் நாடு முழுக்க வாக்கெடுப்பு வைத்து, ஒரு ஊரில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் விடுமுறை வீடு கூடாது என்று தடுத்தார்கள். எங்களைப் போல வேலை செய்கிறவர்களுக்கு ஊருக்குள் வாடகைக்கு ஒரு அறை பிடிப்பது இன்றும் பெரும்பாடு. விவசாயக் காணியை மட்டும் காப்பாற்றிவிட்டார்கள், தானே பயிர் செய்கிற, மாடு வளர்க்கிறவனுக்குத்தான் அதை விற்கலாம். நிலாவெளியில் கடற்கரைக் காணி கைமாறுகிற வேகத்தைக் கேள்விப்படும்போது எனக்கு வயிறு எரிகிறது. காணி போனபின் மேய்ச்சல் ஒழுங்கு எழுதி என்ன பிரயோசனம்?

மூதூர் வயல்

விடுதிக்காரரும் பட்டிக்காரரும் பேசுகிறீர்கள், நடுவில் வயல்காரனை மறந்துவிடாதீர்கள். தை மாதம் குடலைப் பருவத்தில், கதிர் வெளிவரப் போகிற நேரத்தில், பட்டி ஒன்று இரவில் இறங்கினால் விடியும்போது ஒரு ஏக்கர் இல்லை. மாடு அற்றுப்போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வயலுக்கு எரு வேண்டும், செயற்கை உரம் இல்லாமல் 2021இல் பட்ட பாடு நினைவிருக்கிறது.

நமக்கு ஏற்கெனவே ஒரு மேடை இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் வைக்கிறார்கள். தண்ணீர் திறக்கிற திகதி, விதைப்பு முடிக்கிற திகதி, வயலிலிருந்து மாட்டை அகற்ற வேண்டிய திகதி எல்லாம் அங்கேதான் தீர்மானம். சுவிஸ்காரர் ஆறு நூறு ஆண்டாகச் செய்வதில் பாதியை நாங்களும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். குறை என்னவென்றால் மாட்டை அகற்றும் திகதி எழுதுவார்கள், எங்கே அகற்றுவது என்று எழுதமாட்டார்கள். அந்த ஒரு வரியை எழுத வைத்தால் போதும், பாதிச் சண்டை தீரும்.

மாட்டு வைத்தியம்

கால்நடைத் துறையில் இருக்கிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

மாட்டுத் தொல்லை என்று பேசுவதில் பெரும்பங்கு குப்பைத் தொல்லை. ஹோட்டல் பின்பக்கம் சாப்பாட்டு மிச்சத்தை ஷொப்பிங் பையில் கட்டி எறிகிறார்கள். மாடு பையைப் பிரித்துத் தின்னாது, பையோடு விழுங்கும். அது முதல் இரைப்பையில் தங்கிக் கயிறு மாதிரி முறுகிக் கட்டியாகும். வெளியே பார்த்தால் வயிறு நிரம்பிய மாடு, முதுகெலும்பு மட்டும் தெரியும், பால் இறங்கிக்கொண்டே போகும். செத்த மாடு ஒன்றின் இரைப்பையை அறுத்துப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறக்கமாட்டார்கள். திருகோணமலைக் கோட்டையடி மான்களுக்கும் இதே கதி. ஒரு முறை ஹோட்டல் வாசலில் சோறு கண்ட மாடு காட்டுக்குத் திரும்பாது. மூடி உள்ள, மாடு கவிழ்க்க முடியாத குப்பைத் தொட்டி இல்லாமல் எந்த ஒழுங்கும் நிற்காது.

இன்னொன்று. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் நேரம் வடக்குக் கிழக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் குளிரில் செத்தன, திருகோணமலையிலும்தான். மழைக்காற்றில் திறந்த வெளியில் நின்றவை அவை. என் அனுபவத்தில், மெலிந்த மாட்டுக்கு அந்தக் குளிரைத் தாங்கச் சத்து இருக்காது. வயலிலிருந்து அகற்றிய பட்டியை ஒதுக்குப்புறமும் தீனியும் இல்லாத இடத்தில் நிறுத்தினால் அடுத்த புயலிலும் இதுதான் நடக்கும். மேய்ச்சல் தரை ஒதுக்கும்போது மேடான நிலமும், மரக்கூட்டமும், தண்ணீரும் பார்த்து ஒதுக்க வேண்டும். வரைபடத்தில் காலியாகத் தெரிகிறது என்று ஒரு உவர்த் துண்டைக் கொடுத்துவிடக் கூடாது.

வெருகல் ஆற்றங்கரை

ஒதுக்கினால் மட்டும் போதாது, பதிய வேண்டும். மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் என்ன நடந்தது? காலங்காலமாக மாடு நின்ற தரையில் வெளியார் பயிர் செய்யத் தொடங்கினார்கள். பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தெருவில் உட்கார வேண்டி வந்தது. “எங்கள் மாடு இங்கேதான் மேய்ந்தது” என்று வாயால் சொல்வது அதிகாரியின் மேசையில் எடுபடாது. எல்லையோடு ஒரு பத்திரம் வேண்டும், நாளைக்குச் சுற்றுலா வலயம் என்று வந்து அளக்கிறவனுக்கும் அதைத்தான் காட்ட முடியும்.

பனிமலைத் திருமலையான்

ஆமாம். இன்னொரு விஷயமும் எழுத்தில் இருக்க வேண்டும், ஆபத்துக்கு யார் பொறுப்பு என்பது. பக்கத்து நாடு ஒஸ்ட்ரியாவில், திரோல் மாநிலத்தில் 2014இல் நாயோடு நடந்துபோன ஜெர்மன் பெண் ஒருவரைக் கன்றுப் பசுக்கள் முட்டிக் கொன்றுவிட்டன. 2019இல் இன்ஸ்புறுக் நீதிமன்றம் முழுப் பொறுப்பையும் மாட்டுக்காரர் மேல் போட்டு, ஏறக்குறைய 490,000 யூரோ பெறுமதியான நட்டஈடு கொடுக்கச் சொன்னது. மலைப்பக்கத்து மாட்டுக்காரர் எல்லாரும் கலங்கிப்போனார்கள், பாதையையே மூடிவிடுவோம் என்றார்கள். மேல்முறையீட்டில் பொறுப்பைப் பாதிப் பாதியாக்கினார்கள், 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. வருகிறவனுக்கும் பாதி என்று தீர்ந்தபிறகுதான் நடத்தை விதிகளுக்கு ஒரு மதிப்பு வந்தது.

உப்புவெளி அக்காவின் பொடியனுக்கும் இதே கணக்குத்தான். மாட்டுக்குக் காதில் இலக்கம் வேண்டும், கழுத்தில் வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டி வேண்டும், இரவில் அடைக்க வேண்டும். இது பட்டிக்காரர் பங்கு. தெருவிளக்கும் குப்பைத் தொட்டியும் சபையும் விடுதிக்காரரும் சேர்ந்து செய்ய வேண்டியது.

கிண்ணியாப் பட்டிக்காரன்

மினுங்கும் கழுத்துப்பட்டிக்கு நாங்கள் தயார். இரவில் அடைக்கவும் தயார். பாலுக்கு விலை கிடைத்தால் மேய்ப்பனுக்குச் சம்பளம் வரும், அது வந்தால் மாடு வீதிக்கு வராது. அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் விடுதியில் காலைச் சாப்பாட்டுக்கு என்ன தயிர் வைக்கிறீர்கள்?

உப்புவெளி அக்கா

பிளாஸ்டிக் கப்பில் வருகிற யோகட். கொழும்பு லொறியில் வரும். சட்டித் தயிர் வைக்க எனக்கும் விருப்பம், ஆனால் ஒரு நாள் வருகிறது, மறுநாள் வருவதில்லை. பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து எங்கே வாங்கினாய் என்று கேட்டால் காட்ட ஒரு துண்டும் இல்லை.

பனிமலைத் திருமலையான்

இங்கே எங்கள் ஹோட்டல் காலை மேசையில் சீஸுக்குப் பக்கத்தில் எந்த மேய்ச்சல் மலைப் பால் என்று எழுதி வைப்போம். அந்த மலைக்கு நடந்து போய் அந்த மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. கிண்ணியா எருமைத் தயிருக்கு அதைவிடக் குறைந்த மதிப்பா? எருமைப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏழு அளவில், பசுப்பாலில் நாலு. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். வருகிறவர்களுக்கு மண்சட்டியில், பாணி ஊற்றி வைத்துப் பாருங்கள்.

கிண்ணியாப் பட்டிக்காரன்

கொடுக்கலாம். உம்மா இன்றும் விறகடுப்பில்தான் காய்ச்சுகிறார். பால் பொங்கி அடங்கி, ஏடு ஒதுக்கி, விரல் வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு வந்தபின் உறை கலந்து சட்டியில் ஊற்றுவார். சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால்தான் தயிர் இறுகுகிறது, பிளாஸ்டிக்கில் ஊற்றினால் அந்தப் பதம் வராது. பத்துப் பட்டி சேர்ந்தால் தினம் தவறாமல் கொண்டுவரலாம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபிறகு ஃபெரிக்குக் காத்திருக்கிற கஷ்டமும் இல்லை. பீ.எச்.ஐ. பதிவு எடுக்க யாராவது வழி காட்டுங்கள்.

மாட்டு வைத்தியம்

நான் வழி சொல்கிறேன், தனிமடல் போடுங்கள். முதலில் கறக்கிற இடத்துத் தண்ணீரும் பால் கானும் சரியாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆறாம்கட்டை

இவ்வளவு தூரம் பேச்சு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. பெரும்போக ஆரம்பக் கூட்டம் வருவதற்குள் ஒரு கடிதம் தயாரிப்போம். மூதூர் வயல் அண்ணை சொன்ன அந்த வரிதான் முதல் கோரிக்கை, மாட்டை அகற்றும் திகதியோடு இடமும் எல்லையும் எண்ணிக்கையும் எழுதப்பட வேண்டும். வெருகல்காரர் சொன்னபடி பிரதேச செயலகத்தில் பதிவும் கேட்போம். வறட்சி மாதங்களில் குளத்துக்கும் கடற்கரைக்கும் மாடு நடக்கிற வழியை மதில் கட்டி மறிக்காமல் விட வேண்டும் என்பது குச்சவெளிப் பிரதேச சபைக்கு. குப்பைத் தொட்டியும் விளக்கும் அதே கடிதத்தில்.

அறிவிப்புப் பலகை மூன்று மொழியிலும் வேண்டும். கன்றுக்குக் கிட்டப் போகாதே, சாப்பாடு போடாதே, பையை எறியாதே. மூன்றே வரி போதும்.

உப்புவெளி அக்கா

பலகைச் செலவுக்கு எங்கள் பக்கத்துச் சின்ன விடுதிகள் சிலவற்றைச் சேர்க்கிறேன். நிலாவெளிக் கடலில் இருக்கிற புறாத்தீவைப் பார்த்தாவது நாங்கள் படிக்க வேண்டும். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா என்று சட்டம் எல்லாம் இருந்தும் பவளப்பாறையை மிதித்துத் தேய்த்துவிட்டோம். அதைக் காட்டித்தானே நாங்கள் எல்லாரும் அறை வாடகை வாங்குகிறோம்.

மூதூர் வயல்

கூட்டத்துக்கு விவசாய அமைப்புக்காரரையும் கூப்பிடுங்கள், அவர்கள் கையெழுத்து இல்லாமல் கமநல சேவை நிலையத்தில் எதுவும் நகராது.

கிண்ணியாப் பட்டிக்காரன்

வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள், ஜும்மா. காலையிலும் வேண்டாம், எந்த நாளானாலும் அது பால் கறக்கிற நேரம். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு என்றால் பட்டிக்காரர் எல்லாரும் வருவார்கள்.

ஆறாம்கட்டை

சரி, ஞாயிறு பின்னேரம் ஐந்து மணி, இடத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன். போருக்கு முன்னம் மாடு போன வழி தெரிந்த பெரியவர்கள் உங்கள் ஊரில் யார் இருந்தாலும் கையோடு கூட்டி வாருங்கள். நில அளவைத் திணைக்கள வரைபடம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், அதில் அவர்களைக் கொண்டே கோடு போட வேண்டும்.